சுய இன்பம்: சுத்தமாக, காயம்படாமல்

இது 18 வயது நிரம்பியவர்களுக்கு. ஆணுக்கு, பெண்ணுக்கு என்று தனித்தனியாகப் பிரிக்கவில்லை. உங்கள் உடலுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண் குழி விழும், நரம்பு தளரும், முடி கொட்டும், பின்னாளில் குழந்தை பிறக்காது என்றெல்லாம் கேட்டிருப்பீர்கள். எதற்கும் ஆதாரம் இல்லை. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் திஸ்ஸோ என்ற சுவிஸ் மருத்துவர் இதே பயத்தை மருத்துவத்தின் பெயரால் பரப்பினார்; அது தேய்ந்து போக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரு துளி விந்து பல துளி ரத்தத்துக்குச் சமம் என்ற பேச்சும் அந்த வகைதான். ஒருமுறை வெளியேறுவது ஏறக்குறைய 1.5 முதல் 5 மில்லி. அதில் பெரும்பங்கு விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம், விந்தணுக்கள் சில சதவீதம்தான். அவற்றின் உற்பத்தி ஓய்வில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது. வெளியேறாதவை உடலுக்குள்ளேயே சிதைந்து உறிஞ்சப்படும், சேர்த்து வைத்துப் பலம் ஏற்ற முடியாது.

அப்படியானால் இதனால் யாருக்கும் எதுவும் ஆவதில்லையா? ஆகிறது. உரசல் காயம், சிறுநீர்த் தொற்று, உள்ளே சிக்கிய பொருள் என்று மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் வினையாவது அவசரமும் ஒளிவும்தான். கதவு தட்டப்படுமோ என்ற பதற்றத்தில் கை கழுவாமல் தொடங்குவது, கடையில் கேட்க வெட்கப்பட்டுக் கையில் கிடைத்த பொருளை எடுப்பது, வைப்ரேட்டர் போன்ற இன்பக் கருவியை ஈரத்தோடு துணிகளுக்கடியில் திணிப்பது, வலித்தால் வாய் திறக்காமல் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது. கீழே வருபவை இந்த அவசரத்தையும் ஒளிவையும் குறைக்கும் வழிகள்.

தொடங்கும் முன்

முதலில் நேரமும் கதவும். யாரும் வரமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த அரை மணி நேரம் கிடைக்கும்போது தொடங்குங்கள். இரண்டு நிமிடத்தில் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் தோல் உரிகிறது. தாழ்ப்பாள் உள்ள இடம் குளியலறை மட்டும்தான் என்றால் அங்கேயே சரி. ஆனால் ஈரத்தரையில் நின்றபடி வேண்டாம், உட்கார்ந்துகொள்ளுங்கள். மற்றவர் உறங்கும் அறையிலோ, பார்க்க நேரும் இடத்திலோ கூடாது. அது நாகரிகம் மட்டுமல்ல, அவர்களுடைய சம்மதம் சம்பந்தப்பட்ட விஷயம்.

கைகளைச் சோப்புப் போட்டு 20 நொடியாவது கழுவுங்கள், நக இடுக்கு உட்பட. நகத்தை வெட்டினால் மட்டும் போதாது, முனையைத் தேய்த்து மழுக்க வேண்டும். புதிதாக வெட்டிய நகம்தான் அதிகம் கீறும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளலாம்.

மிளகாய் தொட்ட கைக்குத் தனி எச்சரிக்கை. அதன் காரப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். கொஞ்சம் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அப்புறம் சோப்பு. தலைவலித் தைலம் தடவிய கைக்கும் இதேதான். இதைப் படித்துச் சிரிப்பவர்களுக்கு இன்னும் அந்த எரிச்சல் வந்ததில்லை என்று அர்த்தம்.

உறுப்பைக் கழுவும் விஷயத்தில் பலர் தேவைக்கு மேல் போகிறார்கள். யோனியின் உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கு வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து பி.எச். அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. அந்த அமிலத்தன்மைதான் தொற்றைத் தடுக்கிறது. உள்ளே சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரிலோ வாசனையில்லாத மிதமான சோப்பிலோ, முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும்.

முன்தோல் உள்ளவர்கள் அதை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, ஆண்குறியின் நுனி மொட்டைச் சுற்றிப் படியும் வெள்ளைப் படிவைத் தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி, தோலை மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். பின்தள்ளிய தோல் அங்கேயே சிக்கிக்கொண்டால் மொட்டு வீங்கி ரத்த ஓட்டம் தடைபடும். கையால் மெல்ல அழுத்தியும் திரும்பவில்லை என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தோல் பின்னுக்கே வராதவர்கள் பலவந்தமாக இழுக்காதீர்கள். களிம்பில் தொடங்கி சிறு அறுவை வரை அதற்கு எளிய சிகிச்சைகள் இருக்கின்றன.

அன்றுதான் அங்கே முடி மழித்திருந்தால் ஒருநாள் விட்டுவிடுங்கள். கொப்புளமோ மருவோ புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை அந்த இடத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. தன் கையால் தன்னைத் தொடுவதால் புதிதாகப் பால்வினை நோய் வராது. ஆனால் ஏற்கெனவே உள்ள ஹெர்பிஸ் கொப்புளத்தைத் தொட்ட கை கண்ணுக்குப் போனால் அங்கேயும் தொற்றலாம்.

வழவழப்பு

ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். எரிச்சல், வெடிப்பு, சிவப்பு என்று வரும் சின்னத் தொல்லைகளில் பெரும்பகுதி உலர்ந்த உரசலில் பிறப்பவை. மருந்துக்கடையில் ஆணுறை வைத்திருக்கும் அலமாரியிலேயே லூப்ரிகன்ட் ஜெல்லும் இருக்கும். மூன்று வகை.

தண்ணீர் சார்ந்தது எல்லாவற்றோடும் ஒத்துப்போகும்: ஆணுறை, எந்தப் பொருளால் ஆன கருவி, எல்லாமே. கழுவினால் போய்விடும். சீக்கிரம் உலரும், அவ்வளவுதான் குறை. சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி உயிர் பெறும். புதியவர்கள் இதிலேயே தொடங்கலாம். சிலிக்கோன் சார்ந்தது நெடுநேரம் நிற்கும், தண்ணீரிலும் போகாது. ஆனால் சிலிக்கோன் கருவியின் மேற்பரப்பைக் கெடுக்கும். தரையில் சிந்தினால் பயங்கரமாக வழுக்கும். எண்ணெய் வகை லேட்டக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். ஆண்குறியின் வெளித்தோலுக்கு, ஆணுறை இல்லாதபோது, தேங்காய் எண்ணெய் பலருக்கும் ஒத்துக்கொள்கிறது. யோனிக்குள் எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லியும் வேண்டாம்; நெடுநேரம் உள்ளே தங்கும், பெட்ரோலியம் ஜெல்லி பயன்படுத்துகிறவர்களிடம் பாக்டீரியா தொற்று கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

லேபிளில் இன்னொன்று பாருங்கள். கிளிசரினும் புரோபிலீன் கிளைகாலும் அதிகமுள்ள ஜெல் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மெல்லிய உட்தோலைச் சேதப்படுத்தும். இந்த உறிஞ்சும் திறனை ஆஸ்மோலாலிட்டி என்று அளக்கிறார்கள். கிலோவுக்கு 380 மில்லிஆஸ்மோலுக்குள் இருப்பதே சிறந்தது, 1,200க்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எல்லாப் பெட்டியிலும் இந்த எண் இருக்காது. அப்போது உட்பொருள் பட்டியலின் முதல் இரண்டு மூன்று பெயர்களில் கிளிசரின் வருகிறதா என்று பாருங்கள். சூடேற்றும், குளிர்விக்கும், பழச்சுவை கொண்ட ரகங்கள் புதியவர்களுக்குத் தேவையில்லை. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை நான் யாருக்குமே பரிந்துரைக்கமாட்டேன். வலி ஒரு எச்சரிக்கை மணி, அதை அணைத்துவிட்டால் காயம் பட்டது கூடத் தெரியாது.

எதை வாங்கினாலும் முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி ஒருநாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கு ஆகாது.

சோப்பு நுரை, ஷாம்பு, டூத்பேஸ்ட், வாசனை லோஷன் இவற்றை யாரும் பயன்படுத்தமாட்டார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். குளிக்கும்போது சோப்பு நுரையைப் பயன்படுத்திவிட்டு, அடுத்த நாள் சிறுநீர் எரிகிறது, பால்வினை நோய் வந்துவிட்டது என்று கலங்குகிறவர்கள் நிறையப் பேர். சிறுநீர்த்துளைக்குள் போன சோப்புதான் பெரும்பாலும் காரணம். எச்சில் உடனே உலர்ந்துவிடும், வாய்க்கிருமிகளையும் கொண்டுபோகும்.

கையால்

மென்மையாகத் தொடங்குங்கள். யோனி வாய்க்கு மேலே உள்ள சிறு உறுப்பான கிளிட்டோரிஸில் 10,000க்கும் மேற்பட்ட நரம்பிழைகள் இருப்பதாக 2022இல் எண்ணிச் சொன்னார்கள். எடுத்தவுடன் நேரடியாகத் தொட்டால் பலருக்குக் கூசும். மேலே மூடியிருக்கும் தோல் வழியாகவோ துணி வழியாகவோ தொடங்கலாம். பெண்களில் பலருக்கு உச்சம் இதன் வழியாகத்தான் வருகிறது. உள்ளே எதையாவது நுழைத்தால்தான் கணக்கு என்றில்லை, விரலும் கருவியும் இல்லாமலேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆண்களில் பலருக்கு இரண்டு பழக்கங்கள் பின்னால் தொல்லையாகின்றன. ஒன்று, மிக இறுக்கிப் பிடிப்பது. இன்னொன்று, குப்புறப் படுத்து மெத்தையில் அழுத்தித் தேய்ப்பது. உடல் அந்த அழுத்தத்துக்கே பழகிவிட்டால் துணையோடு இருக்கும்போது உச்சமடையத் தாமதமாகும். ஏற்கெனவே பழகியிருந்தால் சில வாரம் பிடியைத் தளர்த்தி, ஜெல் சேர்த்து, கையை மாற்றிப் பாருங்கள். முதலில் ஒன்றும் உணராதது போல இருக்கும், நாளாக ஆக மாறும். விறைத்த நிலையில் ஆண்குறியைக் கீழ்நோக்கி மடக்குவது, சொடக்கெடுப்பது போலத் திருகுவது கூடவே கூடாது. உள்ளே எலும்பு இல்லை, ஆனால் ரத்தம் நிறைந்த திசுவைச் சுற்றியுள்ள உறை கிழியும்.

ஆசனவாயைத் தொட்ட விரலோ கருவியோ கழுவாமல் முன்பக்கம் வரக் கூடாது. பெண்களின் சிறுநீர்க்குழாய் 4 சென்டிமீட்டர் அளவுதான். குடல் பாக்டீரியாவுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

கருவி வாங்குவதென்றால்

தேவையில்லை என்றால் வாங்காதீர்கள், கையே போதும். வாங்குவதென்றால் பொருளைப் பார்த்து வாங்குங்கள். நல்ல சிலிக்கோன், போரோசிலிகேட் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு, கெட்டியான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஆகியவற்றில் நுண்துளை கிடையாது. ஜெல்லி ரப்பர், டி.பி.இ. என்ற ரப்பர் போன்ற மென்பிளாஸ்டிக், மென்மையான பி.வி.சி. ஆகியவை ஸ்பாஞ்சு போல; எவ்வளவு கழுவினாலும் உள்ளே கொஞ்சம் தங்கும். மென்மையான பி.வி.சி.யில் தாலேட் என்ற இளக்கிகளும் இருக்கலாம். பெட்டியைத் திறந்ததும் ரசாயன நெடி அடித்தாலோ தொட்டால் பிசுபிசுத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இத்தகைய கருவிகளின் பாதுகாப்புக்கென்றே 2021இல் ஐ.எஸ்.ஓ. 3533 என்ற சர்வதேசத் தரம் வந்திருக்கிறது. அதைப் பின்பற்றுவதாகத் தயாரிப்பாளர் சொன்னால் நல்ல அறிகுறி.

ஆண்களுக்கான உறை போன்ற கருவிகள் பெரும்பாலும் டி.பி.இ.யில்தான் வருகின்றன. வாங்கினால், ஒவ்வொரு முறையும் உள்ளே ஆணுறை அணிந்து பயன்படுத்துவது எளிய வழி. நிறம் மாறி, நெடி வந்து, கிழிசல் விட்டால் குப்பைதான், மனசு கேட்காது என்று வைத்திருக்காதீர்கள்.

ஆசனவாய்க்கான எந்தப் பொருளுக்கும் அகலமான அடிப்பாகம் இருந்தே தீர வேண்டும். யோனி ஒரு முனையில் மூடியது, உள்ளே போனது எங்கும் தொலைந்துபோகாது. மலக்குடல் மேலே குடலோடு தொடர்கிறது. தசைகள் பொருளை உள்ளே இழுத்துவிடும். அங்கு இயற்கையான ஈரமும் இல்லை என்பதால் ஜெல் கட்டாயம்.

தண்ணீரில் நனைக்கலாமா என்பதற்கு ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறியைப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். தெறிப்பு மட்டும் தாங்கும் என்று எழுதியிருந்தால் மூழ்கடிக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது பயன்படுத்தக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தால், கருவியின் மேலுறை விரிசல் விட்டிருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூடவே கூடாதவை

சிறுநீர்த்துளைக்குள் எதையும் விடாதீர்கள். உள்ளே நழுவினால் சிறுநீர்ப்பைக்குப் போய்விடும், எடுக்கக் கருவி சிகிச்சையோ அறுவையோ தேவைப்படும். கண்ணாடிப் பாட்டில், பல்பு, மெழுகுவர்த்தி, மூடி, பேனா இவை எந்தத் துவாரத்துக்கும் உரியவை அல்ல. பாட்டில் உள்ளே வெற்றிடம் உண்டாக்கிக் கவ்வும். வாக்குவம் கிளீனர் குழாயால் ஆண்குறி கிழிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஆண்குறியில் வளையம் பயன்படுத்துகிறவர்கள் கழற்றக்கூடிய, இழுபடும் வகையை மட்டும், 20 முதல் 30 நிமிடத்துக்குள். உலோக வளையம், ரப்பர் பேண்டு, நூல், மோதிரம் எதுவும் வேண்டாம். குளிர்ந்தாலோ நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ அந்த நொடியே கழற்றுங்கள். போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது.

இன்பம் கூடும் என்று மூச்சை அடைப்பது, கழுத்தை இறுக்குவது: இதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. நினைவு தப்புவது நொடிகளில் நடக்கும், தனியாக இருப்பவருக்கு அவிழ்த்துவிட ஆள் இல்லை. இதனால் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன.

விறைப்பு மாத்திரைகளை டாக்டரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

முடிந்த பின்

எழுந்துபோய்ச் சிறுநீர் கழியுங்கள். குழாய்க்குள் போயிருக்கக்கூடிய கிருமியை அது வெளியே தள்ள உதவும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்கள் இதைக் கட்டாயப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவி ஈரம் ஒற்றுங்கள். கைகளை மறுபடி கழுவுங்கள்.

கருவியை உடனே கழுவ வேண்டும், காய்ந்தபின் அல்ல. வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, பள்ளங்களில் விரலால் தேய்ப்பு. மோட்டார் இல்லாத சிலிக்கோனையும் எஃகையும் கொதிநீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் போடலாம். பிறகு முழுக்க உலரட்டும். இங்கேதான் ஒளிவு தன் வேலையைக் காட்டும்: ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி மறைத்தால் இரண்டு நாளில் பூஞ்சை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் டவலுக்குள் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் யார் கண்ணிலும் படாது, காய்ந்தும்விடும். அப்புறம் பருத்திப் பையில், ஒவ்வொன்றும் தனித்தனியாக. சிலிக்கோனும் டி.பி.இ.யும் ஒட்டிக்கிடந்தால் உருகி இளகும். கருவியைப் பகிர வேண்டாம். சுத்தம் செய்த வைப்ரேட்டரிலும், உடலுறவில் பரவும் எச்.பி.வி. வைரஸின் தடயம் மறுநாள் வரை இருந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

மாதவிடாய் நாட்களில் தடை ஏதும் இல்லை. டாம்பூனோ கப்போ உள்ளே இருந்தால் கருவியை நுழைக்காதீர்கள். கர்ப்பத்தில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை, நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகவோ உச்சம் வேண்டாம் என்றோ டாக்டர் சொல்லியிருந்தால் தவிர.

எத்தனை முறை?

எண் கிடையாது. ஏறக்குறைய 32,000 ஆண்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், மாதம் 21 முறையோ மேலோ விந்து வெளியேறியவர்களுக்கு, 4 முதல் 7 முறை வெளியேறியவர்களைவிடப் புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக இருந்தது. அது தொடர்பை மட்டுமே காட்டுகிறது. அதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொண்டு கணக்கு வைக்க வேண்டாம். அதேபோல் அடிக்கடி செய்கிறேனே என்று நடுங்கவும் வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வேலை, படிப்பு, உறக்கம் கெடுகிறதா? நிறுத்த நினைத்தும் திரும்பத் திரும்ப முடியாமல் போகிறதா? இன்பமே இல்லாதபோதும் தொடர்கிறதா? ஆறு மாதமோ அதற்கு மேலோ இப்படிப் போனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11 அதைக் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு என்று வகைப்படுத்துகிறது. அதே வரையறை இன்னொன்றும் சொல்கிறது: இது தவறு என்ற ஒழுக்க உணர்விலிருந்து மட்டுமே வரும் மன உளைச்சலை வைத்து ஒருவரை நோயாளி என்று முடிவு செய்ய முடியாது.

போனும் கேமராவும்

முன்பின் தெரியாதவரின் வீடியோ அழைப்பில் ஆடை களையாதீர்கள். பதிவு செய்து பணம் கேட்டு மிரட்டுவது இன்று தொழிலாகவே நடக்கிறது. சிக்கிவிட்டால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் சேமித்து, ஆளைத் தடுத்துவிட்டு, சைபர் போலீஸிடம் போங்கள். செயலியோடு இணையும் கருவிகளுக்கு உண்மைப் பெயரையும் முதன்மை மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டியதில்லை. பயன்பாட்டு விவரங்களைக் கேட்காமல் சேகரித்த ஒரு நிறுவனம் 2017இல் வழக்கை முடிக்கப் பல மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது.

டாக்டரிடம் எப்போது

உடனே, அதாவது அந்த இரவே: 'டக்'கென்ற சத்தத்தோடு விறைப்பு இறங்கி, ஆண்குறி வீங்கிக் கருநீலமானால். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால். உள்ளே எதாவது சிக்கினால். அப்போது இடுக்கியால் இழுக்கவும் பேதி மருந்து குடிக்கவும் கூடாது. உச்சத்தின்போது வாழ்க்கையில் வராத அளவுக்குத் தலைவலி இடிபோல இறங்கினால். நிற்காத ரத்தப்போக்கு இருந்தால்.

இரண்டு மூன்று நாளில்: சிறுநீர் எரிச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், தயிர்போன்ற கசிவோடு அரிப்பு, ஆறாத புண். மொட்டில் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவையும் சோதித்துக்கொள்ளுங்கள். விந்தில் ஒருமுறை ரத்தம் தெரிவது பெரும்பாலும் தானாகச் சரியாகும். திரும்ப வந்தாலோ வயது 40ஐத் தாண்டியிருந்தாலோ காட்டிவிடுங்கள்.

வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: என்ன செய்தபோது, எதைப் பயன்படுத்தியபோது, எத்தனை மணிக்கு, உள்ளே இருப்பது என்ன பொருள், எவ்வளவு நீளம். கதை கட்டினால் டாக்டர் தேடும் இடம் மாறிப்போகும். இன்னொன்று, புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை இருந்தால் 48 மணி நேரம் முன்பிருந்தே விந்து வெளியேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விந்துப் பரிசோதனை என்றால் கடைசியாக வெளியேறியதிலிருந்து குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும். ஆய்வகத்தில் அந்தத் தேதியைக் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள்.